எண் இல்லை தோழர்களே, பெயர்!

(செந்துறை இளைஞர் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஊர்ல கெட்டிக்காரப் பையனைப் பார்த்து "சரியான எம்டன்"னு சொல்வாங்கல்ல? எம்டன் ஒரு ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல குண்டு போட்டுட்டுப் போனது. அந்த முதல் உலகப் போரின் நினைவாகத்தான் சென்னையில் கோட்டைக்குப் பக்கத்துல போர் நினைவுச் சின்னம் எழுந்தது. பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க.

அது யாரோட போர்? வெள்ளைக்காரனோட போர். ஆனா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கடல் தாண்டி அனுப்பினான். சுமார் 74,000 பேர் திரும்பி வரவே இல்லை. அதுக்குக் கைம்மாறா நமக்குக் கிடைச்சது என்ன? 1919-ல ரௌலட் சட்டம். அதே வருஷம் ஜாலியன்வாலாபாக்.

சரி, செத்த பிறகாவது சமமா நடத்தினானா? இன்றைய ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் போய்ப் போரிட்ட களம் அது. அந்தக் கல்லில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. வெள்ளைக்காரச் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. நம்ம சாதாரணச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, இத்தனை பேர் என்று ஒரு எண். அவ்வளவுதான்!

இது நான் சொல்ற குற்றச்சாட்டு இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு, இனப் பாகுபாடு நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

"அடிமைச் சின்னம், இடிச்சுடலாம்"னு சிலர் கிளம்புவாங்க. வேண்டாம் தோழர்களே. 1806-ல் வேலூர்க் கோட்டையில் வெள்ளையனை எதிர்த்துச் செத்தவனும் நம்மாளுதான். பாஸ்ராவில் அவனுக்காகச் செத்தவனும் நம்மாளுதான். இடிக்கிறது சுலபம். பெயரை மீட்கிறதுதான் வேலை.

அந்த வேலை நம்ம வீட்டுப் பரண்ல இருந்து தொடங்கணும். தாத்தாவோட டிரங்குப் பெட்டியில் பழைய மெடல், பட்டாளத்துக் காகிதம் இருக்கான்னு பாருங்க. மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் பெயரும் படைப்பிரிவும் பொறிச்சிருக்கும். போட்டோ எடுங்க. ஊர்ப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க. ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் வசதி இருக்கு, ஒப்பிட்டுப் பாருங்க. சரிபார்க்காம எதையும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

கிடைச்சதைக் கமெண்ட்ல போடுங்க. ஒரே ஒரு பெயர் கிடைச்சாலும் வெற்றிதான். அவன் எண் இல்லை. நம்ம மண்ணின் பிள்ளை.



#எண்இல்லைபெயர்