இரண்டு மேசை, ஒரே எண்

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு ஜூன் மாதம், சேர்க்கைக்குக் கூட்டம் அதிகம் என்று இரண்டு மேசை போட்டோம். கடைசிச் சேர்க்கை எண்ணைப் பார்த்துக்கொண்டு இருவருமே அடுத்த எண்ணிலிருந்து சீட்டு எழுதத் தொடங்கிவிட்டோம். மாலையில் பதிவேட்டில் ஏற்றும்போதுதான் விஷயம் புரிந்தது. பதிவேட்டைத் திருத்தினோம், ஆனால் எல்லாச் சீட்டுகளையும் திரும்ப வாங்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு மாணவி, பழைய சீட்டை நீட்டினாள். அந்த எண்ணுக்கு நேரே வேறொரு பையனின் பிறந்த தேதி இருந்தது. அன்று அவள் சான்றிதழ் இல்லாமலே திரும்பிப் போனாள்.

பல சர்வர்களை வைத்து நடக்கும் இணையதளங்களுக்கும் இதே சிக்கல்தான். எண் கொடுக்க ஒரே ஒரு சர்வர் என்று வைத்தால் குழப்பமில்லை. ஆனால் அது நின்றால் எல்லாமே நின்றுவிடும். புகைப்படத் தளமான ஃபிளிக்கர் எளிய வழி கண்டது. எண் கொடுக்க இரண்டு சர்வர்கள். ஒன்று ஒற்றைப்படை எண்களை மட்டும், மற்றது இரட்டைப்படை எண்களை மட்டும் கொடுக்கும். எங்கள் இரண்டு மேசைக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கும்!

நூற்றுக்கணக்கான சர்வர்கள் என்றால்? 2010இல் ட்விட்டர் உருவாக்கிய ஸ்னோஃப்ளேக் முறையில் எண்ணின் நீளம் 64 பிட். அதில் 41 பிட் மில்லிநொடிக் கணக்கில் நேரம், 10 பிட் இயந்திரத்தின் எண், 12 பிட் வரிசை எண். 1,024 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிநொடியில் 4,096 எண்கள் வரை, ஒன்றையொன்று கேட்காமலே கொடுக்கலாம். உரிமையை முன்பே பங்கிட்டுவிட்டதால் மோதல் வராது. கடிகாரம் பின்னோக்கிப் போனால்தான் ஆபத்து. அப்போது பழைய நேரத்தைத் தாண்டும்வரை அந்த இயந்திரம் எண் தர மறுத்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய எண்ணை நாமே கெடுத்துவிடுவதும் உண்டு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். 9876543210123451, 9876543210123452 என்று இரண்டு பிள்ளைகளின் எண்களை உள்ளிட்டுப் பாருங்கள். இரண்டுமே 9876543210123450 ஆகிவிடும். உள்ளிட்ட பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. ஆகவே பட்டியல் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.