பீங்கானில் பேசும் வண்ணங்கள்
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவன் நான். "உனக்கும் ஜப்பான் கலைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் இரும்பு.

எங்கள் ஆலையில் இரும்புதான் எதிரி. களிமண் கூழில் காந்தம் வைத்து அதைப் பிடித்து வெளியேற்றுவோம். ஒரு துகள் தங்கினாலும் வெள்ளைப் பீங்கானில் கரும்புள்ளி விழும். ஆனால் 1947-இல் கியோட்டோவில் பிறந்த ஃபுகாமி சுவெஹாரு அந்த இரும்பை நம்பியே கலை செய்தார். பீங்கானின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சை 'கிளேஸ்' என்போம். அதில் மிகச் சிறிதளவு இரும்பு. சூளைக்குள் காற்றைக் குறைத்தால் அந்த இரும்பு ஆக்சிஜனை இழக்கும். பூச்சு இளநீலமாக மாறும். கூழை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி, கத்தி முனைபோலவும் அலைபோலவும் உருவங்கள் செய்தார். 1985-இல் இத்தாலியின் ஃபாயென்சா நகரப் போட்டியில் பெரும்பரிசு அவருக்கு.

"அதிலே தண்ணி ஊத்தி வைக்க முடியுமா?" என்று கேட்டால், முடியாதுதான். அப்படியானால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன்.

மூன்றாம் டொகுடா யசோகிச்சி (1933–2009) செய்தவை ஜாடிகளும் கிண்ணங்களும்தான். இவர் குட்டானி பீங்கான் மரபில் வந்தவர். பூவும் பறவையும் தீட்டுவது அந்த மரபு. வண்ணப் பூச்சுகளின் கலவை முறையைத் தாத்தாவிடம் கற்றார். கற்றதை விடவில்லை, ஆனால் படம் வரைவதை விட்டார். நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒன்று மற்றொன்றில் கரைவதுபோல் நிறத்தையே பேசவைத்தார். 1997-இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று கௌரவித்தது. 2010-இல் அவர் மகள் நான்காம் யசோகிச்சி ஆனார்.

மாணவச் செல்வங்களே! "இந்தச் சமன்பாடெல்லாம் பரீட்சையோட சரி சார்" என்று இன்று காலை ஒரு தம்பி என்னிடம் சொன்னார். கோபம் வரவில்லை, கவலை வந்தது. ஆலையில் நான் விரட்டிய இரும்பும் ஃபுகாமியின் நீலமும் ஒரே சமன்பாட்டில் இருக்கின்றன. நாங்கள் உங்களுக்குத் தருவது டொகுடாவின் தாத்தா கொடுத்தது மாதிரி ஒரு கலவைக் குறிப்புத்தான். அதைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் படத்தையே திரும்ப வரையவும் வேண்டாம்.