என்னை அக்கா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர்



நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக்கைப் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. “என்ன பேசணும்னு யோசிக்காத, உன் வீட்டுல நடக்கிறதைச் சொல்லு”ன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அதைத்தான் சொல்றேன்.

என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன். எங்க அம்மாவோட கூடப் பிறந்த தம்பி. என்னைவிட 15 வயசு மூத்தவர். எனக்கு இப்ப 38, அவருக்கு 53. கொத்தனார். இடத்தைச் சுத்தி ஒரு தடவை நடந்து வந்து, இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமெண்டுன்னு வாயாலேயே சொல்லிடுவார். நோட்டு, பென்சில் எதுவும் வேண்டாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு வீட்டுல ஜன்னலுக்கு இடம் விடாமலேயே சுவரை ஏத்திட்டார். வீட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. அப்புறம் ஒரு சனிக்கிழமை சித்தாளுக்கு ரெண்டு தடவை கூலி கொடுத்துட்டு, கொடுக்கவே இல்லைன்னு சண்டை போட்டார். குடிக்கிறார்னு ஊர்ல பேசினாங்க. மாமா குடிக்கவே மாட்டார். யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு கயிறு மந்திரிச்சுக் கட்டினோம். ஒன்றரை வருஷம் இப்படியே போச்சு.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, பி12 சத்து, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க. தைராய்டாலயோ பி12 சத்துக் குறைவாலயோ மறதி வந்தா மருந்துல சரியாகலாம், அதனாலதான் முதல்ல இதைப் பார்க்கிறோம்னு டாக்டர் சொன்னார். அந்த ஒன்றரை வருஷத்தை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியும். மாமாகிட்ட ஒரு கடிகாரம் வரையச் சொன்னாங்க. வட்டம் நல்லா போட்டார். பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கத்துல நெருக்கி எழுதிட்டு, சரியா இருக்கான்னு என்னைப் பார்த்தார். தூக்குக்குண்டு விட்டுச் சுவரை நூல் பிடிச்ச மாதிரி நிறுத்தினவர்.

அல்சைமர்னு ஒரு மறதி நோய், பெரும்பாலும் வயசானவங்களுக்கு வரும், சில பேருக்கு 60 வயசுக்கு முன்னாலேயே வந்துடும்னு சொன்னாங்க. மாத்திரை கொஞ்சம் உதவும், நோயைத் தீர்க்காதுன்னும் சொன்னாங்க.

இனி சொல்றதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. எங்க குழுவுக்குக் கட்டவேண்டிய தவணைப் பணம் 3,200 ரூபாயை அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே வச்சிருந்தேன். காணோம். மாமாகிட்ட கேட்டேன். அவர் தெருவுல போய் நின்னு, “இந்தப் பொம்பள என் காசைத் திருடிட்டா”ன்னு கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்து கன்னத்துல அடிச்சுட்டேன். அவர் ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு, “அக்கா, அடிக்காதக்கா”ன்னார். நான் எங்க அம்மா ஜாடை. அன்னைக்குத்தான் முதல் தடவையா என்னை அக்கான்னு கூப்பிட்டார்.

பத்து நாள் கழிச்சுப் பணம் கிடைச்சது. கரண்டியும் ரசமட்டமும் வைக்கிற சாமான் பைக்குள்ள இருந்துச்சு.

அந்த வெட்கத்துல மூணு வாரம் குழுக் கூட்டத்துக்குப் போகலை. தவணை கட்ட முடியாம ஒளியுறான்னு பேச்சு. அபராதமும் எழுதியாச்சு. நாலாவது வாரம் அஞ்சு பேர் கிளம்பி என் வீட்டுக்கே வந்தாங்க, பணம் கேட்கத்தான். வந்த நேரம் மாமா கைலியைத் தலைகீழா கட்டிக்கிட்டு, வேலைக்குப் போகணும்னு கதவைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருந்தார். யாரும் பணத்தைப் பத்திப் பேசலை. ஒரு அக்கா போய் அடுப்புல இருந்த சோத்தை வடிச்சாங்க.

அடுத்த வாரத்திலிருந்து எங்க குழுக் கூட்டம் என் வீட்டுத் திண்ணையில்தான் நடக்குது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரெண்டு பேர் முறை வச்சு வந்து மாமாகூட இருக்காங்க. முதல் வெள்ளிக்கிழமை எனக்கு என்ன செய்யுறதுன்னே தெரியலை. பஸ் நிறுத்தத்துல போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வந்தேன். இப்பல்லாம் தூங்குறேன்.

அவர் சொல்றதைத் தப்புன்னு திருத்தப் போனா சண்டைதான் வரும். காலையில அஞ்சு மணிக்கு “வேலைக்கு நேரமாச்சு”ன்னு எழுந்திரிச்சா, “உங்களுக்கு ஏது வேலை”ன்னு முன்னெல்லாம் சொல்வேன். இப்ப சொல்றதில்லை. கொல்லையில் நூறு செங்கல் அடுக்கி வச்சிருக்கேன். கரண்டியைக் கையில் கொடுப்பேன். கலவை இல்லாமலேயே வரிசை வச்சுக் கட்டுவார். ராத்திரி அவர் தூங்கினதும் நான் பிரிச்சு அடுக்கிடுவேன். குளிக்கக் கூப்பிட்டா வரமாட்டார். “மேலெல்லாம் சிமெண்டு, கழுவிட்டுச் சாப்பிடுங்க”ன்னா பேசாம வந்து நிப்பார். கதவுல ஆட்டு மணி கட்டியிருக்கேன், ராத்திரி திறந்தா எனக்குக் கேட்கும். ஒவ்வொரு சட்டையிலும் உள்பக்கமா என் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைச்சிருக்கேன். சமைச்சு முடிச்சதும் கேஸ் ரெகுலேட்டரைக் கழட்டி எடுத்துடுவேன். சாயந்திரம் இருட்டுறதுக்கு முன்னாலேயே விளக்கு போட்டா பதட்டம் குறையுது.

எனக்கே மனசு தாங்காத ராத்திரிகளில் 14416க்குப் பேசியிருக்கேன். டெலிமானஸ்னு பேரு. அரசாங்கத்தோடது, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம். தமிழ்ல பேசுறாங்க. நம்பரை எழுதி வச்சுக்கோங்க.

அக்கான்னு கூப்பிட்டா இப்ப “என்ன தம்பி”ன்னுதான் கேட்கிறேன். முதல்ல நாக்கு வரலை. 19 வருஷம் கூட வாழ்ந்தவரை எப்படித் தம்பின்னு சொல்றது? சொன்னா சிரிக்கிறார். சிரிச்சா ரெண்டு வாய் கூட சாப்பிடுறார். என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எட்டு மாசம் ஆகுது. அது ஒண்ணுதான் இன்னும் எனக்குப் பழகலை.

கூட்டமைப்புகிட்ட ஒண்ணு கேட்கிறேன். ஒரு உறுப்பினர் மூணு கூட்டம் வரலைன்னா, அபராதம் எழுதுறதுக்கு முன்னால ரெண்டு பேர் அவ வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்னு தீர்மான நோட்டுல எழுதுங்க. எங்க குழுவுல எழுதிட்டோம்.

மணி நாலாகப் போகுது. மாமாகூட இருக்கிற ரெண்டு பேருக்கும் மாடு கறக்கணும். நான் போய்த்தான் அவங்களை அனுப்பணும். வரேன், வணக்கம்.