பேட்டரி சொல்லும் கணக்கு



நம் திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. சூளூர்ப்பேட்டை, தடா பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது. தென்பகுதி தமிழ்நாட்டில் உள்ளது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் ஏரி இது. ஆழம் குறைவு. அதனால் மீனவர்கள் கழி ஊன்றியும், துடுப்புப் போட்டும் தோணி ஓட்டுகிறார்கள். தோள் வலிக்கும் வேலை.

இப்போது சின்ன மின் மோட்டார்கள் வந்திருக்கின்றன. வெளிநாடுகளில் 'கயாக்' என்ற ஒற்றை ஆள் படகில் இதைப் பூட்டி மீன் பிடிக்கிறார்கள். கேரளத்தில் வைக்கத்தில் 2017-இல் 'ஆதித்யா' என்ற பெரிய படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். அது சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடுகிறது.

நம் தோணியிலும் மோட்டார் பூட்டலாமா? பூட்டலாம். ஆனால் முதலில் கணக்குப் போட வேண்டும்.

பேட்டரியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 12 வோல்ட், 100 ஏ.ஹெச். என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கிறது. 100-ஐ 30-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதை நம்பிப் போகலாமா? கூடாது. சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்த்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே நம் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி.

போகும்போது காற்று பின்னால் தள்ளினால், வரும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும். அன்று அரை மணியிலேயே திரும்புங்கள். மெதுவாகப் போனால் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

மோட்டாரை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீட்டரைப் பாருங்கள். 12.7 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2-க்கு வந்தால் பாதி தீர்ந்தது. உடனே கரை திரும்புங்கள்.

இன்னும் சில விஷயங்கள். ஈய பேட்டரி 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை மூடிய பெட்டியில் வைத்து, தோணியின் நடுவில், அடியில் கட்டுங்கள். ஓரத்தில் வைத்தால் தோணி சாயும். சிவப்பு வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உப்பு நீர் இரும்பையும் செம்பையும் அரிக்கும். கரை சேர்ந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வலை விசிறியில் சிக்கினால், முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பழவேற்காடு பறவைகள் சரணாலயமும் ஆகும். பூநாரைகள் வந்து இரை தேடும் இடம். எனவே மோட்டார் வாங்கும் முன் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் அனுமதி பற்றிக் கேளுங்கள். கடன் வாங்கிய பிறகு கேட்பதில் பயன் இல்லை.

மோட்டார் வந்தாலும் துடுப்பும் கழியும் தோணியில் இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தால் நம்மைக் கரை சேர்ப்பது துடுப்புதான்.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஆட்டோவிலோ டிராக்டரிலோ உள்ள பேட்டரியைப் பாருங்கள். அதில் இருக்கும் எண்களை வாய்விட்டுப் படியுங்கள். நாளை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்.