அடுத்த வீட்டு நாய்

விடியுமுன் பால் வெட்டப் புறப்படும்போது அடுத்த வீட்டு நாய்கள் மேலே பாய்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் நாளைக்கும் அந்த வீட்டுக்காரரோடுதானே பெரட்டில் நிற்கப்போகிறோம்! மாலையில் போய், "அண்ணே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்திலாவது கட்டி வையுங்கள்" என்று கேட்போம். கேட்கவில்லையென்றால் தோட்ட அலுவலகத்தில் சொல்லலாம். விஷம் மட்டும் வைக்க வேண்டாம். அதைத் தின்பது நம் கோழியாகவும் இருக்கலாம், குழந்தையாகவும் இருக்கலாம்.

2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியது. நோயின் குறி கண்டபின் பிழைப்பது மிக அரிது. ஆகவே கடிபட்ட இடத்தில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். பிள்ளை அழும், விடக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிறு கீறலுக்கும் இதுவேதான். நாயை அடித்துக் கொல்லாமல், கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்வோம். அதற்குள் நாய் நோயுற்றாலோ செத்தாலோ உடனே டாக்டரிடமும் கால்நடை இலாகாவிடமும் தெரிவிக்க வேண்டும்.