ஐந்தாவது ஆளுக்கு இடம் எங்கே?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியதும், மூன்றாவது பிள்ளை பிறந்த வீடுகளில் புதுக் கார் பேச்சும் தொடங்கிவிட்டது. பலருடைய கண் போவது வாகன் ஆர் போன்ற ஜப்பானியச் சிறு கார்களில். அவற்றின் எஞ்சின் 660 சிசியைத் தாண்டாது, ஆசனமோ நான்குதான். பெற்றோர் இருவர், பிள்ளைகள் மூவர் என்றால் முதல் நாளே ஒரு பிள்ளை மடியில். அப்படியே ஹுன்னஸ்கிரிய தாண்டி, மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்குவதை எந்த மலிவு விலையும் நியாயப்படுத்தாது.

'கார் ஒரு சொத்து, வைத்திருந்தால் விலை ஏறும்' என்பார்கள். தடைக்காலத்தில் ஏறியது மெய்தான். புது வண்டி வராததால் பழையதற்கு வந்த கிராக்கி அது. இப்போது வாங்குபவர் சுங்கவரி, உற்பத்தி வரி, 18 சதவீத வற் எல்லாம் விலையோடு சேர்த்துக் கட்டுகிறார். லீசிங் வட்டி தனி. நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால்? வலுவான கேள்வி. ஆனால் அது கார் வேண்டும் என்பதற்குத்தான் சாட்சி, புதுசு வேண்டும் என்பதற்கல்ல. ஐந்து ஆசனமுள்ள பழைய கார் போதும். வாங்கும்முன் பெயின்டைப் பார்க்காமல், நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போய் பிரேக்கையும் பின்சீட்டின் மூன்று பெல்ட்டுகளையும் பாருங்கள்.