நாற்பத்தாறு வயதில் ஒரு பரீட்சை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நான் திருநாவலூரில் கரும்பு போடுகிறவன், மேடையில் என்னத்தைப் பேசுவது?" என்றேன். செயலாளர் விடவில்லை. "ட்ரோன் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கியே, அதையே பேசு" என்றார். பேசுகிறேன். ஆனால் அந்தப் பரீட்சைக்கு நான் பெருமைக்காகப் போகவில்லை. செய்த தப்புக்காகப் போனேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் இளங்கரும்பில் களை மண்டிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. யாரோ ஒரு பையன் ட்ரோன் வைத்திருக்கிறான் என்று சொல்லக் கூட்டி வந்தேன். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. 2,4-டி களைக்கொல்லி. காலை பத்து மணிக்கு மேல், காற்று கிளம்பிய நேரம். அரை மணியில் வேலை முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பத்து நாளில் பக்கத்து வயல் பருத்தி இலையெல்லாம் சுருங்கி, விரல் விரலாகக் கிழிந்து போயிற்று. அந்த மருந்து பருத்திக்கு எமன். வயல்காரர் எனக்குச் சித்தப்பா முறை. "ஏம்ப்பா, உன் கரும்புக்கு மருந்து அடிச்சே, என் பருத்திக்கு வாக்கரிசி போட்டுட்டியே" என்றார். நஷ்டத்தைக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டார், என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அன்று ஓட்டினவனுக்கும் தெரியவில்லை, ஓட்டச் சொன்ன எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்வோம் என்று கிளம்பினேன்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. அதன்படி 18 முதல் 65 வயது வரை, பத்தாம் வகுப்பு தேறிய யாரும் இந்தப் பயிற்சியில் சேரலாம். விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அனுமதி பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்து, அங்கேயே தேர்வில் தேற வேண்டும். சான்றிதழ் பத்து ஆண்டுக்குச் செல்லும். 250 கிராம் வரை நேனோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய ரகம், 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பத்து லிட்டர் மருந்து தூக்கும் வயல் ட்ரோன்கள் பெரும்பாலும் சிறிய ரகத்தில் வரும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"பேரன் எடுக்கிற வயசுல பரீட்சையா?" என்றாள் வீட்டுக்காரி. வகுப்பில் எல்லாரும் என் மகன் வயசுப் பிள்ளைகள். "அங்கிள், பையனைச் சேர்க்க வந்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

பாடமெல்லாம் ஆங்கிலம். வானப் பகுதியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வகை. பச்சையில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். வானிலை, பேட்டரி, ரேடியோவில் பேசும் முறை எல்லாம் உண்டு. 'ஆல்பா, பிராவோ, சார்லி' என்று மாட்டுக்குப் பால் கறந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். மாடு முதலில் மிரண்டது, பிறகு பழகிவிட்டது.

இந்தக் கல்லூரியில் படித்த இயற்பியல் அப்போதுதான் கைகொடுத்தது. நான்கு விசிறி உள்ள ட்ரோனில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் ஏன் சுற்றுகின்றன? எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுழலும். நியூட்டனின் மூன்றாம் விதி! கடைசி பெஞ்சில் தூங்கியது போக மிச்சம் இருந்தது அதுதான்.

தடுக்கி விழுந்தது செய்முறையில். ட்ரோனின் மூக்கு நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்வரை கவலையில்லை. நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலது மாறிவிடும். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும்போதே ஏழெட்டு முறை தரையில் மோதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிரவு படுத்தபடி யோசித்தேன்: டிராக்டரில் டிரெயிலரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம்தானே ஒடிக்கிறோம்? இதுவும் அதே கணக்கு! மறுநாள் மோதவில்லை.

தேறினேன். ஆனால் உண்மையான பரீட்சை போன மாசிப் பட்டத்தில் வந்தது. தெரிந்தவர் ஒருவர் உளுந்துக்கு மருந்து அடிக்கக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் காற்று. காற்று போகும் திசையில் ஊர்க்குளம், மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. "நாளை விடியற்காலம் வருகிறேன்" என்றேன். அவருக்குக் கோபம். "சர்டிபிகேட் வாங்கினவன் பறக்க விடமாட்டேன்கிறான், வாங்காதவன் உடனே அடிக்கிறான்" என்று வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். அன்று வருமானம் போயிற்று. ஆனால் நான் படித்ததே அதற்குத்தான். பறக்க விடுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எப்போது பறக்கவிடக் கூடாது என்பதுதான் படிப்பு.

இந்தச் சேதி எப்படியோ சித்தப்பா காதுக்குப் போயிருக்கிறது. மறு வாரம் வரப்பில் நின்று, "என் வயலுக்கு எப்பப்பா வர்றே?" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, நம் மாநிலத்தில் இதற்கு வாய்ப்பு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசே ஆளில்லா விமானக் கழகம் தொடங்கியது. 2023இல் மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் மத்திய அரசுத் திட்டமும் வந்தது. ஆகவே பெண் பிள்ளைகளும் தயங்க வேண்டாம். சேருமுன் பயிற்சி நிலையத்துக்கு அரசு அனுமதி உண்டா என்று மட்டும் பாருங்கள்; விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கட்டணம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத தொகை. ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்காவது நம் சங்கம் அதைக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பிள்ளைக்கான பணத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதிக்கு, என்னை மேடையேற்றிய செயலாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.